வர்க்கி டின் அணு உலை

தை பிறந்து ஆறாம் நாள் காலை, ஊசிப்பாறை என்ற மலையூரில் நாலாயிரம் பேர் உடம்பெல்லாம் சோப்போடு ஒரே நேரத்தில் அலறினார்கள். ஒரு வாரமாகவே வெந்நீர் வெதுவெதுப்பாகத்தான் வந்துகொண்டிருந்தது. பனிக்காலம், அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். அன்று அந்த வெதுவெதுப்பும் போய், குழாயில் பாறை இடுக்குத் தண்ணீர் கொட்டியது. வெளியே நான்கு டிகிரி.

அந்த நாலாயிரத்தில் அருளப்பனும் ஒருவன். மற்றவர்களுக்கும் அவனுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்: தண்ணீர் சில்லிட்டுப் போனதற்குக் காரணம் அவன். அது அவனுக்கே தெரியாது என்பதால் மற்றவர்களைவிடச் சத்தமாகவே அலறினான்.

துண்டைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தான். தெருவே துண்டு கட்டிக்கொண்டுதான் நின்றது. இதற்குக் காரணமானவன் எவனோ, அவன் தலையில் ஐஸ் தண்ணி விழ, என்று சாபம் விட்டாள் பக்கத்து வீட்டு ராக்கம்மா. அருளப்பனும் சேர்ந்துகொண்டு இரண்டு வார்த்தை திட்டினான். கூட்டத்தில் தனித்து நிற்பது அவனுக்குப் பழக்கமில்லை. அவன் தலைமுடியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சாபம் விடும் முன்பே பலித்துவிட்டிருந்தது.

ஊசிப்பாறைக்கு வெந்நீர் வந்த கதை சின்னது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், 'ஆலைக்கோள்' என்ற விளையாட்டை நடத்தும் கம்பெனி, தன் கணினிகளை வைக்கக் குளிர்ந்த இடம் தேடி இந்த மலைக்கு வந்தது. முப்பது லட்சம் பேர் விளையாடும் விளையாட்டு. அத்தனை பேருடைய கணக்கையும் போட்டுப் போட்டு அந்தக் கணினிகள் தோசைக்கல்லாகக் காய்ந்தன. ஊர் ஒரே ஒரு நிபந்தனை போட்டது: இடம் தருகிறோம், உங்கள் சூட்டை எங்களுக்குக் கொடுங்கள். அன்று முதல் கணினிக்கூடத்தின் சூடு தண்ணீரில் ஏறி வீடு, ஆஸ்பத்திரி, தேயிலை ஆலை என்று ஊரைச் சுற்றி வந்தது. ஜனங்கள் வீட்டு ஹீட்டர்களை விற்றார்கள். இலை வாட்டுவதற்கு விறகு எரித்துக்கொண்டிருந்த தேயிலை ஆலை, அந்த அடுப்பை இடித்துப் பழைய இரும்புக்குப் போட்டது. சோலைக்காட்டில் கோடரிச் சத்தம் நின்று, காட்டெருமைகள் ஊர்ப் பெரியமனிதர்கள் போலச் சாவகாசமாக நடமாடத் தொடங்கின.

இனி அருளப்பன். வயது முப்பத்தெட்டு. காசிம் பாய் பேக்கரியில் வர்க்கியை, அடுக்கடுக்காகப் பொரிந்து நிற்கும் அந்த மொறுமொறு பிஸ்கட்டை, டின்னில் அடைக்கும் வேலை, பதினாறு வருடமாக. மற்றவர்கள் அடைத்தால் இரண்டு டின் கேட்கும் சரக்கு, அவன் அடைத்தால் ஒன்றரை டின்னில் அடங்கிவிடும். லாரி மேட்டுப்பாளையம் வளைவுகளில் எப்படிக் குலுங்கினாலும் ஒன்றுகூட நொறுங்காது. இடைவெளி என்பது அவனுக்குக் கண்ணில் விழுந்த தூசி. மூன்றாவதாகப் பெண் பார்க்கப் போன வீட்டில், தட்டில் கலைந்து கிடந்த முறுக்குகளைப் பேச்சுவாக்கில் வட்டமாக அடுக்கிவைத்துவிட்டு வந்தான். அந்த வீட்டிலிருந்து பதில் வரவில்லை. முதல் இரண்டு வீட்டிலும் என்ன அடுக்கினான் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலங்களில் அவன் ஆலைக்கோளில் இருப்பான். அது ஆளில்லாத, குளிர்ந்த, வறண்ட ஒரு கிரகம். அங்கே இரும்பு தோண்டி, ஆலை கட்டி, ஆலைக்கு மின்சாரம் போதாமல் போகும்போது அணு உலை கட்ட வேண்டும். உலையின் சூடு தண்ணீரை ஆவியாக்கும், ஆவி டர்பைனைச் சுற்றும், மின்சாரம் வரும். மற்றவர்கள் கட்டிய உலைகள் குழாயும் அந்தக் குழாய்க்கு ஒரு குழாயுமாக, வீடு மாற்றும் நாளில் தெருவில் இறக்கிய சாமான் போல மைல் கணக்கில் பரந்து கிடந்தன. அருளப்பனால் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று மாதம் உட்கார்ந்து, அதை ஒரு டின்னாக நினைத்து அடைத்தான்.

நான்கு உலைகள் முதுகோடு முதுகு, ஒன்றின் சூட்டில் மற்றொன்று குளிர்காய. அவற்றை ஒட்டிக் கொதிகலன்கள். கொதிகலனின் வாயிலேயே டர்பைன். குழாய் என்று ஒரு முழம் இல்லை, இடைவெளி என்று ஒரு கட்டம் இல்லை. பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் சுவரில் செங்கல் போலப் பொருந்தும். நூறு வேண்டுமென்றால் நூறு வைக்கலாம். செங்கல் என்றே அதற்குப் பேர் வைத்து, யாரும் நகலெடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டான். அதற்கப்புறம் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று போய்ப் பார்க்கவில்லை. ஒருவரும் எடுக்கவில்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

அந்தக் காலை பத்து மணிக்கு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் பேக்கரிக்குள் வந்தாள். நளாயினி. ஊருக்கு வெந்நீர் அனுப்பும் பொறுப்பு முழுவதும் அவளுடையது. ஊர் சார்பில் கணினிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் என்ஜினியர். இங்கே 'வர்க்கி டின்' யார் என்று கேட்டாள். காசிம் பாய் அலமாரியைக் காட்டி, கால் கிலோவா அரை கிலோவா என்று விசாரித்தார்.

"திங்கறது இல்ல பாய். ஆலைக்கோள்ல அந்தப் பேர்ல விளையாடறவரு."

அருளப்பன் கையைத் தூக்கினான். ஏதோ பரிசு தரப்போகிறார்கள் என்ற எண்ணத்தில் முகத்தில் ஒட்டியிருந்த மாவையும் துடைத்துக்கொண்டான்.

"செங்கல் உங்களோடதா? அதுல ஒரு குழாய்கூட இல்லையே?"

"ஒண்ணுகூட இல்ல மேடம்," என்றான் பெருமையாக.

"ஒவ்வொரு குழாய்லயும் எவ்வளவு தண்ணி ஓடுது, எத்தனை சூடுன்னு நம்ம கணினிங்க செகண்டுக்கு அறுபது தடவை கணக்குப் போடும். ஆளுக்கு ரெண்டாயிரம் குழாய், முப்பது லட்சம் ஆளுங்க. அந்தக் கணக்குச் சூட்டுலதான் இந்த ஊரு குளிச்சுக்கிட்டிருந்துச்சு. இப்ப இருபத்தாறு லட்சம் பேர் உங்க செங்கலுக்கு மாறிட்டாங்க. குழாயே இல்லாதப்ப கணினிக்கு என்ன வேலை? சும்மா உக்காந்திருக்கு."

இந்த இடத்தில் அருளப்பனுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் இரண்டாவதாகத்தான். முதலில் வந்தது, சொல்லவே கூசுகிறது, சந்தோஷம். இருபத்தாறு லட்சம்.

"வடிவம் எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டே விட்டான்.

"ஆஸ்பத்திரியில தண்ணி பத்தொம்பது டிகிரி," என்றாள் நளாயினி.

மீதியையும் அவள் சொன்னாள். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. முப்பது நாள் தொடர்ந்து தண்ணீர் நாற்பது டிகிரியைத் தொடவில்லை என்றால், கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போகலாம். போவதற்கு அவர்கள் ஏற்கெனவே ஆசையாகத்தான் இருந்தார்கள். எட்டு நாள் போய்விட்டது. இருபத்திரண்டு நாள் பாக்கி. அதற்குள் சூடு ஏறாவிட்டால் ஊருக்கு இனி வெந்நீரே கிடையாது.

இவ்வளவு பெரிய கூடத்தில் இதை முன்கூட்டியே யாரும் பார்த்துத் தடுக்க மாட்டார்களா என்று அருளப்பன் கேட்டான். நளாயினி ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, மழை வரும்போல இருக்கிறது என்றாள். வானத்தில் பஞ்சுத் துணுக்கு அளவுக்குக்கூட மேகம் இல்லை.

அன்றே அவன் செங்கலைத் திரும்பப் பெற்றான். தின்ற வர்க்கியைத் திரும்பக் கேட்ட மாதிரிதான்; எடுத்தவர்களிடம் எல்லாம் நகல் இருந்தது. அடுத்து, அவன் பேரிலேயே வேண்டுமென்று பரந்து விரிந்த ஓர் உலையைக் கட்டி வெளியிட்டான். கட்டும்போது இரண்டு முறை எழுந்துபோய் முகம் கழுவினான், அவ்வளவு அசிங்கம். அதை மூன்று பேர் எடுத்தார்கள். ஒருவர் காசிம் பாய், ஒருவர் நளாயினி. மூன்றாமவர் எடுத்துவிட்டு, வர்க்கி டின்னுக்கு உடம்பு சரியில்லையா என்று அன்போடு விசாரித்து எழுதியிருந்தார்.

ஊர் அதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு நர்சுகள் ஸ்டவ்வில் தண்ணீர் காய்ச்சித் தூக்கினார்கள். வேலை முடிந்ததும் அருளப்பன் போய் இரண்டு குடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தான். தேயிலை ஆலையில் வாடாத இலை குவிந்து புளித்த வாடை அடித்தது. பழையபடி விறகு அடுப்பு கட்டிவிடலாம் என்று ஆலைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. மறுநாள் அவன் நடந்து போகும் வழியில், சோலையின் ஓரத்து மரங்களில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருந்தது. எண்ணிப் பார்த்தான். எண்ணியிருக்கக் கூடாது. நாற்பத்தொன்று.

பதினான்காம் நாள் கம்பெனியிலிருந்து சந்திரமௌலி என்ற அதிகாரி காரில் ஏறி வந்தார். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் விழா. கம்பெனியின் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்த மேதை இந்த ஊர்க்காரர்தான் என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, அருளப்பனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். சென்னையில் வேலை தருவதாகவும், விளையாட்டில் இன்னும் சுருக்க வேண்டியது நிறைய இருப்பதாகவும் சொன்னார். எல்லா அனுமதியும் முறைப்படி வாங்கித்தான் செங்கல் வெளியே வந்தது, ஒரு கையெழுத்துகூடக் குறையவில்லை என்று சேர்த்துக்கொண்டார். முன்வரிசையில் இருந்த நளாயினி தன் ஸ்வெட்டர் பொத்தான்களை எண்ணத் தொடங்கினாள்.

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. கம்பளியும் குல்லாயுமாக நானூறு பேர், நானூறு பேர் வாயிலும் குளிர்ப்புகை. அதுவரை அவர்களுக்கு ஆள் யாரென்று தெரியாது. அருளப்பன் தான் அடைத்த டின் ஒன்றுக்குள் தானே இறங்கி மூடிக்கொள்ள வழியிருக்கிறதா என்று யோசித்தான். பின்வரிசையிலிருந்து ராக்கம்மா எழுந்தாள்.

"தம்பி, அந்தப் போர்வையாவது கதகதப்பா இருக்கா?"

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. கல்லெறிந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவனும் சிரித்தான், மூக்கு ஒழுக. சென்னை வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கும்போது நளாயினியின் பக்கத்தில் நின்று, நீங்களாவது சொல்லுங்கள், வடிவம் நன்றாயிருந்ததா இல்லையா என்று இரண்டாம் தடவையாகக் கேட்டான். பதினெட்டரை டிகிரி என்றாள்.

பொன்னாடைக்கு ஒரு உபயோகம் கிடைத்தது. குளிரில் வர்க்கி மாவு புளிக்கவில்லை. காசிம் பாய் அதை வாங்கி மாவுப் பாத்திரத்தின் மேல் போர்த்தினார். அப்படியும் மாவு எழும்பவில்லை. பதினேழாம் நாள் அடுப்பிலிருந்து வந்த வர்க்கிகள் தட்டையாக, ஓடு போல இருந்தன. அருளப்பன் அவற்றை டின்னில் அடுக்கினான். கை தானாக ஓடியது. ஒரு டின்னில் மூன்று டின் சரக்கு, மயிரிழை இடைவெளி இல்லை. அவன் வாழ்நாளில் அப்படி ஒரு டின் அடைத்ததில்லை.

"பாய், இங்க பாருங்க, எவ்வளவு அழகா அடங்குது!"

காசிம் பாய் வந்து பார்த்தார். ஒன்றை எடுத்துக் கடித்தார். பல்லைத் தடவிக்கொண்டார்.

"அடங்கும்டா அருளு, நல்லா அடங்கும். எவன் தின்பான்? டின்னுக்குள்ள காத்து இருக்கக் கூடாதுதான். வர்க்கிக்குள்ள இல்லாமப் போச்சுன்னா அப்புறம் அது வர்க்கியே இல்ல, வரட்டி."

அருளப்பன் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

ஆலைக்கோளில் தன் செங்கலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நட்டநடுவில் ஒரு டர்பைன். அதை எடுத்துவிட்டால் அதன் கீழிருக்கும் கொதிகலனின் ஆவி, போக்கிடமில்லாமல் மேலே வானத்துக்குப் போகும். யாரும் அப்படி ஆவியை வீணாக்கியதில்லை. மின்சாரத்தில் நூற்றுக்கு நான்கு போய்விடும். எடுக்கலாம் என்று முடிவெடுத்தது நான்கு மணிக்கு. விரல் எடுத்தது ஐந்தரைக்கு. சொந்தப் பல்லைத் தானே பிடுங்குகிறவன்கூட இதைவிடச் சீக்கிரம் பிடுங்கியிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணினிக்கூடத்துக்குப் போய் நளாயினியிடம் அதைக் காட்டினான். திரையில் நூறு செங்கல், நூறு ஓட்டை. நூறு வெள்ளைத் தூண்களாக ஆவி எழும்பியது. கிரகத்தின் குளிர்காற்றில் பட்டு வளைந்தது, கூடியது, கறுத்தது.  பிறகு ஆலையின் தகரக் கூரையில் ஒரு சத்தம், இன்னொன்று, அப்புறம் எண்ண முடியாத சத்தம். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கிரகத்தில் முதல் தடவையாக மழை.

"வானத்துக்குக் கணக்கு எழுதி வச்சிருக்காங்கன்னு எனக்கே தெரியாது," என்றாள் நளாயினி மெதுவாக. "ஒவ்வொரு துளியையும் தனியாக் கணக்குப் போடுது. சூடு காட்டற முள்ளைப் பாருங்க, ஆடுது."

"போதுமா மேடம்?"

"லட்சக்கணக்கான பேர் வச்சாப் போதும். ஆனா கரண்ட்டு குறையுமே, யாரு வைப்பா? நாமளே சொல்லிக் கேட்டா?"

கேட்கக் கூடாது என்றான் அருளப்பன். பாவம் பார்த்துத் தின்ற வர்க்கி இரண்டாம் தடவை விற்காது. வெந்நீர், ஊர், மரம் எதைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதாமல், ஓட்டைச் செங்கல் என்று மட்டும் பேர் வைத்து வெளியிட்டான்.

முதல் நாள் பதினோரு பேர். இரண்டாம் நாள் நாற்பது. அவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள், எந்த ஊர்க்காரரோ ஒருவர், அதன் கீழே நான்கு வரி எழுதினார். எட்டு வருடமாகக் கட்டிய ஆலை, இன்றைக்குத்தான் நனைந்து பார்க்கிறேன், மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், இருவரும் வேலையை நிறுத்திவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று. அன்று மாலைக்குள் முப்பதாயிரம். இருபத்தைந்தாம் நாள் இரண்டு லட்சம். ஜனங்கள் உற்பத்தியை மறந்தார்கள். ஆலைகளுக்கு நடுவே குளம் வெட்டினார்கள். யார் ஊரில் இடி இடிக்கிறது என்று போட்டி போட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் தன் எண்ணூறு உலைகளையும் ஓட்டையாக்கி, ஒரு மலைமேல் பனி பெய்ய வைத்தார்.

சந்திரமௌலி தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் பொன்னாடை இல்லை. இந்த மழையால் ஒரு ஆணிகூட உற்பத்தியாகவில்லை, எல்லாம் வீண் கணக்கு, உடனே நிறுத்தும்படி சொன்னார்.

"மழையை வீண்னு யார் சார் சொன்னது?" என்று அருளப்பன் கேட்டான். வாதம் செய்யக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.  அந்த வாரம் மட்டும் ஏழு லட்சம் பேர் புதிதாக ஆலைக்கோளில் சேர்ந்திருந்தார்கள், மழை பார்க்க. அதற்கப்புறம் சந்திரமௌலி கூப்பிடவில்லை.

இருபத்தெட்டாம் நாள் முப்பத்தாறு டிகிரி. இருபத்தொன்பதாம் நாள் காலை, ஊர் முழுக்கக் குழாயடியில் விரலை நீட்டிக்கொண்டு நின்றது. ஐந்து மணிக்குச் சில்லிப்பு. ஐந்தரைக்கு வெதுவெதுப்பு. ஆறு மணிக்கு ராக்கம்மா வீட்டிலிருந்து ஓர் அலறல். அருளப்பன் ஓடினான்.

"படுபாவி," என்றாள் அவள், சிவந்த கையை உதறிக்கொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக. "சுடுதுடா."

அன்று ஊசிப்பாறையில் எல்லோரும் குறைந்தது இரண்டு தடவை குளித்தார்கள். வீட்டுக்கு வீடு குளியலறை ஜன்னலிலிருந்து ஆவி கிளம்பி, தெருவின் மேல் ஒன்றுசேர்ந்து, எதிர்வீடு தெரியாமல் மறைத்தது. பிரசவ வார்டில் பிறந்த ஒரு பெண் குழந்தை வெந்நீர் பட்டதும் அழுகையை நிறுத்திக் கொட்டாவி விட்டதாம். தேயிலை ஆலையில் இலை வாடும் பச்சை மணம் திரும்பியது. அருளப்பன் ஒரு வாளி வெந்நீரும் தேங்காய் நாருமாகச் சோலைக்குப் போய், நாற்பத்தொரு மரத்திலும் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தான். ஒரு காட்டெருமை நின்று அவனைப் பார்த்தது. குளித்திருக்கிறான் என்று திருப்திப்பட்டு நகர்ந்தது.

சாயங்காலம் பேக்கரிக்கு நளாயினி வந்தாள், ஸ்வெட்டர் இல்லாமல். மாவு பொங்கி, வர்க்கி பழையபடி அடுக்கடுக்காக மலர்ந்து வந்திருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். கால்வாசி அவள் வாய்க்குள் போனது, முக்கால்வாசி பொடியாகப் புடவையில் விழுந்தது. அறுபத்தொரு டிகிரி என்றாள், யாரும் கேட்காமலே.

"மேடம், டிகிரி சொல்லாதீங்க," என்றான் அருளப்பன். "மூணாவது தடவை கேக்கறேன். இதோட விட்டுடறேன். ஓட்டை போடறதுக்கு முன்னாடி, அந்த முதல் செங்கல். அது எப்படி இருந்துச்சு?"

நளாயினி புடவையில் விழுந்த பொடியை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஜன்னலைப் பார்த்தாள். அன்றைக்கும் மேகம் இல்லை. மழை வரும் என்று இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை போல.

"வெந்நீரைக் குறைக்கிற எந்த வடிவமும் என் மேசைக்கு வந்துட்டுத்தான் வெளிய போகும். வேண்டாம்னா தடுக்கறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. எங்கிட்டதான் இருக்கு."

அருளப்பன் கையில் இருந்த டின்னைக் கீழே வைத்தான்.

"மார்கழியில உங்க செங்கல் வந்துச்சு. அன்னிக்கே கணக்குப் போட்டேன். எல்லாரும் எடுத்தாத் தண்ணி பத்தொம்பதுக்கு இறங்கிடும்னு வந்துச்சு. அந்தப் பொத்தான் மேல விரலை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். எல்லாரும் எங்க எடுக்கப் போறாங்கன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

"ஏன் மேடம்? அமுக்கியிருக்கலாமே?"

முதல் தடவையாக அவள் ஜன்னலையும் பொத்தானையும் விட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"அவ்வளவு அழகா இருந்துச்சு," என்றாள்.